வேலிக் கிளுவையும் கொழுப்பு அனுசேபமும்

தீவகத்தில் ஊர்காவற்றுறை, வேலணைப் பகுதி வேலிகளிற் கதியாலாக நடப்பெறும் கிளுவையை நாம் நன்கறிவோம். அதே கொம்மிபோரா என்னும் தாவரப் பேரினத்தைச் சேர்ந்ததே, இராசத்தான், குசராத்து வறள்நிலங்களில் வளரும் குக்குலு. அதன் பிசினை மேதோரோகத்துக்கு, அதாவது மிகைக்கொழுப்பால் விளையும் நோய்க்கு, மருந்தாகச் சுசுருத சங்கிதை கூறுகின்றது.

இக்கூற்றைச் சோதனைக்கு உட்படுத்தியவர் ஜி. வி. சத்தியவதி. கொலஸ்திரோல் மிகுந்த உணவூட்டப்பெற்ற முயல்களிற் குக்குலு குருதிக் கொலஸ்திரோலைத் தணித்தமையை, 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அவர் காட்டினார். தொடர்ந்த ஆய்வுகளின் பயனாக, இப்பிசினிலிருந்து பெறப்பட்ட குக்குலிப்பிட்டு 1986இல் இந்தியாவில் மருந்தாக அனுமதிக்கப்பட்டது.

இதன் தொழிற்பாடு யாது? ஈரல், கொலஸ்திரோலைப் பித்தவமிலங்களாக மாற்றுகின்றது. பித்தவமிலம் மிகும்போது ஈரற் கலங்களிலுள்ள ஒரு வாங்கி அதனை உணர்ந்து, அம்மாற்றத்தை மட்டுப்படுத்துகின்றது. பிசினிலுள்ள குக்குலுச்சுதெரோன் என்னும் சேர்வை இவ்வாங்கியை எதிர்ப்பதென 2002இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அச்சேர்வை ஊட்டப்பெற்ற சாதாரண சுண்டெலிகளின் ஈரலிற் கொலஸ்திரோல் குறைந்தது. அவ்வாங்கியற்ற சுண்டெலிகளிற் குறையவில்லை.

ஆயின், விலங்கிற் கண்டது மனிதரிலும் நிகழுமா? ஐக்கிய அமெரிக்காவில் 103 பேரை 8 வாரங்கள் ஆராய்ந்த சோதனையின் முடிவு 2003இல் வெளியாயிற்று. குக்குலிப்பிட்டு உண்டோரிடத்து, நாடிகளிற் படிந்து தீங்கு விளைக்கும் அடர்த்தி குறைந்த இலிப்போபுரதக் கொலஸ்திரோல் 4 முதல் 5 வீதம் உயர்ந்தது. போலி மருந்து உண்டோரிடத்து அது 5 வீதம் குறைந்தது. குக்குலிப்பிட்டு உண்டோருட் சிலருக்குத் தோலில் தடிப்பும் தோன்றியது.

இம்முரண் வியப்புக்குரியதன்று. தாவரவுண்ணியான முயலின் இயல்பான உணவிற் கொலஸ்திரோல் மிக அரிது. சுண்டெலியின் குருதியிலோ பெரும்பகுதிக் கொலஸ்திரோல் அடர்த்தி மிக்க இலிப்போபுரதத்திலேயே உள்ளது. அவற்றின் அனுசேபம் வேறு. மனிதரின் அனுசேபம் வேறு.

எனவே, குக்குலுவின் இனமென்பதனால் நமது கிளுவையும் கொழுப்பைக் கரைக்குமென முடிவுகட்டலாகாது. ஒரே பேரினத்துத் தாவரங்களிலும் சேர்வைகள் வேறுபடும். அவ்வாறே, பழைய மருத்துவக் கூற்றுக்களை ஆராயாது தள்ளுதலும் அறிவியல் நோக்காகாது. பிசினுக்காக மிகையாகக் கீறப்பட்டதனாற் குக்குலு இன்று அழிவின் விளிம்பில் உள்ளது. நம்மிடத்தோ, சீமெந்து மதில்கள் எழ எழக் கிளுவை வேலிகள் குறைகின்றன. அவை மறையுமுன் கிளுவையின் சேர்வைகளைப் பிரித்தறிந்து, முதலில் விலங்குகளிலும், தீங்கின்மை உறுதிப்பட்டபின் மனிதரிலும் படிமுறையாகச் சோதித்தறிதல் நமது ஆய்வாளர் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.