உங்களுக்குத் தெரியுமா? கைக்குள் அடங்கும் நீராவி ரயில்!

● சேலம்–விருத்தாசலம் தடத்தில் நம் சின்னசேலம் வழியே முன்பு ஓடியது மீட்டர் கேஜ் ரயில். இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,000 மி.மீ. இன்று அந்தத் தடம் அகலப்பாதை.

● அந்த மீட்டர் கேஜ், சிறிய மாதிரி ரயில்களின் உலகில் இன்னும் வாழ்கிறது. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-இல் அறிமுகப்படுத்திய 'எல்ஜிபி' தோட்ட ரயில்களின் பாதை 45 மி.மீ.; அளவு விகிதம் 1:22.5. 45-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,012.5 மி.மீ.! ஏறக்குறைய நம் பழைய பாதையேதான்.

● மாதிரி ரயில் பிரியர்களின் செல்லங்களில் ஒன்று டார்ஜிலிங் மலை ரயிலின் 'பி' வகை எஞ்சின். 1889-இல் வந்தது. 610 மி.மீ. குறும்பாதை, நான்கே சக்கரங்கள், கொதிகலன்மேல் சேணம்போல் அமர்ந்த தண்ணீர்த் தொட்டி என உருவமே தனி அழகு.

● நீலகிரி மலை ரயிலின் 'எக்ஸ்' வகை எஞ்சின் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. அதற்கு நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் வரை உயர்வதை மாதிரியில் காட்டுவது பெரிய சவால்.

● சில மாதிரிகள் நிஜமாகவே நீராவியில் ஓடும். சிறு கொதிகலனில் தண்ணீரைக் கொதிக்கவைப்பது பலவற்றில் பியூட்டேன் வாயு.

பிள்ளைகளே, ஊர்ப் பெரியவர்களிடம் பழைய ரயிலைப் பற்றிக் கேளுங்கள். அட்டையும் பசையும் இருந்தால், உங்கள் முதல் எஞ்சினை இன்றே செய்யலாம்!