"போடா பொறம்போக்கு!" திட்டாக மாறிய பொதுநிலம்

தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் "போடா பொறம்போக்கு!" என்ற வசவு எப்படியும் வந்துவிடும்.

உண்மையில் அது திட்டும் சொல் அல்ல. நிலக் கணக்கில் உள்ள சொல். யாருக்கும் பட்டா இல்லாத பொது நிலம்தான் புறம்போக்கு. ஏரி, ஆற்றங்கரை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். ஊருக்கே சொந்தமான நிலத்தின் பெயர், உதவாக்கரையைத் திட்டும் பெயர் ஆகிவிட்டது!

இந்தச் சொல்லை வைத்தே 2017 ஜனவரியில் ஒரு பாட்டு வந்தது. பாடியவர் கர்நாடக சங்கீத வித்துவான் டி.எம்.கிருஷ்ணா. எழுதியவர் கபேர் வாசுகி. ராகங்கள் சபாவில் கேட்பவை. தமிழோ தெருவில் பேசுவது. படம் பிடித்த இடம் எண்ணூர்க் கழிமுகம். பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஒரு காட்சியில் வித்துவான் முகமூடி அணிந்து நிற்கிறார். அந்தப் படம் யூடியூபில் பரவியது. செய்தித்தாள் படிக்காதவர்களும் பார்த்தார்கள்.

இந்த முயற்சியில் முன் நின்றவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் நித்தியானந்த் ஜெயராமன்.

முன்பே ஒரு பாட்டு

2015-லும் இப்படி ஒன்று நடந்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் பற்றி சோபியா அஷ்ரப் பாடினார். உலகமே பார்த்தது. தொழிலாளர் வழக்கு 2006 முதல் கோர்ட்டில் இருந்தது. 2016 மார்ச்சில் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் செய்துகொண்டது. பாட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பத்து ஆண்டு வழக்காடியவர்கள் அந்தத் தொழிலாளர்களே.

காட்டுப்பள்ளியில்

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. அங்குள்ள துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் வந்தது. கடலின் ஒரு பகுதியைத் தூர்ப்பதும் அதில் சேர்ந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் 2021-லும் 2023-லும் தள்ளிப்போனது.

இதற்கிடையே இளைஞர்கள் கையில் செல்போன் வந்துவிட்டது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரை ஒதுங்கியது. அதை வாளியால் அள்ளும் காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவு. உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செய்திகளைப் பார்த்த பசுமைத் தீர்ப்பாயம், தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

படம் எடுத்தால் மட்டும் போதாது. எந்த இடம், எந்த நாள் என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் "இது பழைய படம்" என்று தள்ளிவிடுவார்கள்.

பாட்டுக்குப் பிறகும் கழிமுகத்தில் சாம்பல் இருக்கிறது. அந்தப் பக்கத்து இருளர் மக்களுக்கு வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிப்பார்கள். சாம்பல் படிந்த இடத்திலும் அதே கைதான் தடவுகிறது.