தருக்கத் தொகுதி மேலாண்மை (லினக்ஸ்)

தருக்கத் தொகுதி மேலாண்மை என்பது லினக்ஸ் இயங்குதளத்தில் வன்வட்டின் இடத்தை நிலையான பிரிவுகளாக வெட்டி வைக்காமல், பொது இருப்பாகச் சேர்த்து, வேண்டியபோது வேண்டிய அளவில் பகிர்ந்தளிக்கும் முறையாகும். இது சுருக்கமாக எல்விஎம் எனப்படுகிறது. வழங்கிக் கணினிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் உறுதியான நுட்பம் இது. எனினும் கையாளக் கடினமானது, ஆவணங்கள் தொடக்கநிலையாளருக்கு உதவுவதில்லை என்னும் இரு குறைகள் இதன்மீது தொடர்ந்து கூறப்படுகின்றன. இவ்விரண்டும் சேரும் இடத்தில் பயனர் தம் கோப்புகளையே இழக்க நேரிடுகிறது.

அமைப்பு

எல்விஎம்மில் மூன்று அடுக்குகள் உள்ளன. வன்வட்டோ அதன் ஒரு பிரிவோ பருநிலைத் தொகுதி எனப்படும். பல பருநிலைத் தொகுதிகள் சேர்ந்தது தொகுதிக் குழு. அக்குழுவிலிருந்து வெட்டியெடுக்கப்படுவது தருக்கத் தொகுதி. கோப்பு முறைமை இந்தத் தருக்கத் தொகுதியின் மேல்தான் அமைகிறது. வெவ்வேறு புல எண்களில் சிதறிக் கிடக்கும் நிலங்கள் ஒரே பட்டாவில் அடங்குவதையும், பின் அவற்றைச் சென்ட் கணக்கில் பங்கிடுவதையும் இதற்கு ஒப்பிடலாம். இங்கே சென்ட்டுக்கு இணையான சிற்றலகின் இயல்பான அளவு 4 மெபிபைட்டு ஆகும்.

பட்டா உவமை ஓரிடத்தில் பொருந்தாது. குழுவிலுள்ள ஒரு வன்வட்டு பழுதானால், அதன்மேல் பரவியிருந்த தருக்கத் தொகுதியும் கெடும். இரண்டு வட்டுகளைச் சேர்ப்பதால் பாதுகாப்பு கூடிவிடுவதில்லை. நகலாக்கம் தனியே அமைக்கப்படாவிட்டால் இடர் கூடவே செய்கிறது.

வரலாறு

லினக்சுக்கான முதல் எல்விஎம்மை 1998-ஆம் ஆண்டு ஐன்ஸ் மவல்சாகன் எழுதினார். எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் இருந்த தொகுதி மேலாண்மையே அதற்கு முன்மாதிரி. கட்டளைப் பெயர்களும் அங்கிருந்தே வந்தன. அவற்றைக் கற்பவர் பெருநிறுவனக் கணினி நிருவாகி என்ற எண்ணம் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. பின்னர் வந்த எல்விஎம்2, லினக்ஸ் கருனியின் 2.6 பதிப்பில் இடம்பெற்ற கருவிப் பொருத்தி என்னும் பகுதியின்மேல் கட்டப்பட்டது.

இயல்பமைப்புகள் தரும் குழப்பம்

பெரும்பாலான பயனர்கள் எல்விஎம்மைத் தாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நிறுவி அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கிறது. உபுண்டு வழங்கிப் பதிப்பு 20.04-இன் நிறுவியை எடுத்துக்கொள்ளலாம். அதில் எல்விஎம் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டிருந்தது. 200 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டில் வேர்க் கோப்பு முறைமைக்கு 100 கிகாபைட்டு மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதியைக் குழுவில் வெறுமையாக விட்டது. பின்னாளில் விரிவாக்கவும் நொடிப்படிமங்கள் எடுக்கவும் இடம் வேண்டும் என்பது இதற்குரிய நியாயம். ஆனால் 500 கிகாபைட்டு வட்டு வாங்கிய மாணவர், கணினி 100 மட்டுமே காட்டுவதைக் கண்டு வட்டே பழுது என்று எண்ணக்கூடும்.

2014-இல் வெளியான சென்ட்ஓஎஸ் 7-இல் சிக்கல் வேறு வகையினது. பெரிய வட்டுகளில் வேர்த் தொகுதிக்கு 50 கிகாபைட்டு, எஞ்சியதெல்லாம் பயனர் இல்லத்துக்கு என்று நிறுவி பிரித்தது. வேர் நிரம்பியபின் இல்லத்திலிருந்து இடத்தை மாற்றலாம் என்றுதான் எவரும் நினைப்பர். எல்விஎம்மின் வாக்குறுதியே அதுதான். ஆனால் அங்கு இயல்பாக அமைந்த எக்ஸ்எப்எஸ் கோப்பு முறைமையை விரிக்கலாம், சுருக்க முடியாது. கோப்புகளை வெளியே நகலெடுத்து, தொகுதியை அழித்து, சிறியதாக மீண்டும் உருவாக்குவதே வழக்கமான வழியாக இருந்தது.

பெயரிடலிலும் தவறு நேர்ந்தது. பெடோராவின் பழைய பதிப்புகள் எல்லாக் கணினிகளிலும் தொகுதிக் குழுவுக்கு "வால்குரூப்00" என்ற ஒரே பெயரை இட்டன. பழுதான கணினியின் வட்டை இன்னொரு பெடோரா கணினியில் பொருத்திக் கோப்புகளை மீட்க முயன்றால், ஒரே பெயரில் இரு குழுக்கள் எதிர்ப்பட்டன. நீண்ட அடையாள எண்ணைக் கொண்டு ஒன்றுக்குப் பெயர் மாற்றிய பின்னரே பணி தொடர முடிந்தது.

சுருக்கும்போது நேரும் இழப்பு

தொகுதியைச் சுருக்கும்போது முதலில் கோப்பு முறைமையையும் பின்னரே தருக்கத் தொகுதியையும் சுருக்க வேண்டும். விரிக்கும்போது வரிசை தலைகீழாகும். இவ்வரிசை மாறினால் கோப்பு முறைமையின் வால்பகுதி துண்டிக்கப்படும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் தெரிவு இருந்தும் அது பல ஆண்டுகள் இயல்பாக அமையவில்லை. கோப்பு முறைமையின் அளவைச் சரிபார்த்து, இடம் போதாவிடில் சுருக்க மறுக்கும் இயல்பு 2022-இல்தான் வந்தது. இத்தகைய காப்பு தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

ஆவணங்கள்

எல்விஎம்மில் ஏறத்தாழ நாற்பது கட்டளைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கையேட்டுப் பக்கம் உண்டு. அப்பக்கங்கள் தெரிவுகளை முழுமையாகப் பட்டியலிடுகின்றன, "வட்டு நிரம்பிவிட்டது, என்ன செய்வது?" என்னும் கேள்வியிலிருந்து அவை தொடங்குவதில்லை. பணிவாரியாக எழுதப்பட்டு நெடுங்காலம் பலருக்கும் வழிகாட்டிய எல்விஎம் செய்முறை ஆவணமோ 2006-க்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை.

சிறு குறியீடுகளே பெரும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. பெரிய "எல்" எழுத்து அளவைக் குறிக்கும். சிறிய "எல்" சிற்றலகுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். அளவு மாற்றும் கட்டளையில் 10 கிகாபைட்டுக்கு முன் கூட்டல் குறி இட்டால் 10 கூடும். குறியை மறந்தால் தொகுதியையே 10 ஆக்கு என்று பொருள். 40 கிகாபைட்டுத் தொகுதி சுருங்கிவிடும். மேலும், வெளியீட்டில் அலகின் பெரிய எழுத்து ஆயிரத்தின் மடங்கையும் சிறிய எழுத்து 1024-இன் மடங்கையும் குறிக்கும். உள்ளீட்டில் இரண்டும் 1024-இன் மடங்குகளே.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. பாஸ் என்பது சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் லினக்ஸ் இவ்வாறு வீட்டுக்கு வந்தது. 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலும் உபுண்டுவை அறிமுகம் செய்தது. இவ்வாறு லினக்ஸ் கற்ற மாணவர் பின்னர் கல்லூரியிலோ வீட்டிலோ வேறொரு லினக்சை நிறுவும்போது, எல்விஎம் வேண்டுமா என்ற கேள்வியை எதிர்கொள்கிறார்.

டெபியன் நிறுவி அக்கேள்வியைத் தமிழிலேயே கேட்கும். தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பே இதற்குக் காரணம். நிறுவி முடிந்தபின் எல்விஎம் கட்டளைகளின் எச்சரிக்கைகளும் கையேட்டுப் பக்கங்களும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. நுழையும்போது தமிழ் துணை நிற்கிறது. தரவை அழிக்கட்டுமா என்று கேட்கும் வரியில் அது இல்லை.

கலைச்சொல்லும் எளிதன்று. "தொகுதி" என்றவுடன் சட்டமன்றத் தொகுதியோ நூலின் தொகுதியோதான் நினைவுக்கு வரும். "கனஅளவு" என்றால் இயற்பியல் பாடம். "வால்யூம்" என்று எழுதினாலோ ஒலியளவு என்று கொள்வோர் உண்டு.

தவறு நேர்ந்தபின்

எல்விஎம் தன் ஒவ்வொரு அமைப்பு மாற்றத்துக்கும் முன் பழைய அமைப்பை உரைக்கோப்பாகச் சேமிக்கிறது. எனவே தவறுதலாக அழித்த அல்லது சுருக்கிய தருக்கத் தொகுதியை, அவ்விடத்தில் வேறெதுவும் எழுதப்படாதவரை, பெரும்பாலும் மீட்க இயலும். தவறை உணர்ந்தவுடன் புதிய தொகுதி உருவாக்குவதையும் கோப்பு முறைமைச் சோதனை இயக்குவதையும் நிறுத்திவிட வேண்டும். இச்சேமிப்பு இயல்பாக வேர்க் கோப்பு முறைமையின் உள்ளேயே, அதாவது பெரும்பாலும் அதே வட்டிலேயே வைக்கப்படுகிறது. அதன் நகலொன்றை விரலியில் வைத்திருப்பவருக்கே வட்டு திறக்காத நாளில் அது எட்டும்.