மகமலின் உடன்பிறப்பு

ஈரோடு கனி மார்க்கெட்டில் டர்க்கித் துண்டு வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிடுவார்கள். அப்போது பொசுபொசுவென்று கைக்குத் தட்டுப்படுவது, கோயில் குடையிலும் நகைப்பெட்டியிலும் நாம் பார்க்கிற மகமலின் நேர் உடன்பிறப்பு.

இரண்டுக்குமே தறியில் இரண்டு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல் தொகுதிகள் இரண்டு, வேண்டும். ஒன்று துணியின் உடம்பு. இன்னொன்று மேலே எழும் பொசுபொசுப்பு. பழைய கைத்தறியில் மகமல் நெய்தவர்கள், மேல்பாவுக்கு அடியில் மெல்லிய உலோகக் கம்பியைச் செருகினார்கள். நூல் அதன்மேல் வளைந்து ஏறும். கம்பியின் முதுகில் உள்ள பள்ளத்தில் கத்தியை ஓட்டினால் வளையங்கள் அறுபட்டுக் குஞ்சமாக நிமிரும். அங்குலம் அங்குலமாக நகரும் வேலை. 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ், புளோரன்ஸ், ஜெனோவா நகரங்கள் இதில் பேர்பெற்றிருந்தன. முகலாய அரண்மனைகளிலும் மகமலுக்குத் தனி மதிப்பு.

துண்டில் அந்த வளையம் அறுபடுவதில்லை. துருக்கியின் புர்சா நகரில் இப்படிக் கையால் நெய்த துண்டுகளை ஆங்கிலேயர் ஹென்றி கிறிஸ்டி பார்த்தார். அதே நெசவை எந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் ஹோல்ட். 1851 லண்டன் கண்காட்சியில் அந்தத் துண்டு வைக்கப்பட்டது. அந்த நாட்டின் பெயர்தான் இன்றும் நம் வாயில் 'டர்க்கி'.

இந்தத் துண்டு நெசவில் கம்பியே கிடையாது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. அடிப்பாவு விறைப்பாக நிற்கும், மேல்பாவு தளர்ந்திருக்கும். குறுக்கே ஓடும் ஊடையில் முதல் இரண்டு இழைகளை நெய்த துணியோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளியே நிறுத்துவார்கள். மூன்றாவது இழைக்கு, இழைகளை நெருக்கும் அச்சு முழு வீச்சில் அடிக்கும். மூன்றும் சேர்ந்து விறைத்த பாவின்மேல் வழுக்கி முன்னேற, கூடவே இழுபட்ட தளர்ந்த பாவு போக இடமில்லாமல் வளையமாக எழும்பிவிடும்.

2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்திலும் அச்சின் அடிதான் முக்கியம். ஆனால் அங்கே ஊடை நெருங்கிப் பாவை மூடிவிட, துணி தட்டையாகப் படிகிறது.

துண்டின் வளையத்து நூலில் முறுக்கு குறைவு. இழைகளுக்கிடையே இடம் இருப்பதால் தண்ணீர் சட்டென ஏறுகிறது. ஒரு பக்கம் வளையத்தைக் கத்தரித்து மகமல்போலாக்கிய துண்டுகளும் உண்டு. தொட இதம்; ஆனால் அந்தப் பக்கம் ஈரத்தை அவ்வளவாக வாங்காது.

கொடியில் மாட்டி ஒரு வளையம் நீண்டு தொங்கினால் இழுக்காதீர்கள், வரிசையே பாழாகும். கத்தரியால் நறுக்கிவிடுங்கள். துண்டு பிரியாது, அடிப்பாவும் ஊடையும் அதை இறுகப் பிடித்திருக்கும்.