பாதி வழியில் நின்ற கணினி

"சார், கணினி செத்துப்போச்சு" என்றபடி படிவம் நான்கு மாணவி ஒருத்தி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய மடிக்கணினியோடு வந்தாள். எங்கள் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிற்பகல் இடிமழை புதிதல்ல; சில நாள் மழையோடு மின்தடையும் வரும். அவளுடைய கணினியின் பேட்டரி ஏற்கெனவே பழுது. சார்ஜரை நம்பித்தான் ஓடியது. இயங்குதளம் புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. மூன்று மாதமாக அவள் எடுத்த அறிவியல் செயல்திட்டப் படங்கள் அதற்குள்தான் இருந்தன. வேறு நகல் கிடையாது.

இயங்குதளத்தை மேம்படுத்துவது, லயத்து வீட்டைக் காலி செய்து புது வீட்டுக்குப் போவது மாதிரி. சாமான்களை லாரியில் ஏற்றியாயிற்று. லாரி பாதி வழியில் நின்றுவிட்டது. தங்குவதற்கு எந்த வீடும் தயாராக இல்லை. ஆனால் சாமான்கள் தொலைந்துவிடவில்லையே!

விண்டோஸ், பதிப்பு மாறும்போது பழைய இயங்குதளத்தை உடனே அழிப்பதில்லை. 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் ஒதுக்கி வைக்கிறது. பொதுவாக 10 நாள்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். கணினி அடுத்தடுத்துத் தொடங்க முடியாமல் போனால், வட்டில் தனியே இருக்கும் சிறிய மீட்புத்தளம் எழுந்து வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று போக வேண்டும். பதற்றத்தில் 'ரீசெட்' பக்கம் போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதை அழுத்திவிடாதீர்கள், படங்களும் போய்விடும்.

இந்த மீட்புத்தளம் எவ்வளவு முக்கியம் என்பது 2024 ஜூலை 19 அன்று உலகுக்கே தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு, நம் நேரப்படி பகல் 12.09-க்கு, ஒரு சிறு புதுப்பிப்பை அனுப்பியது. மென்பொருளிடம் இருந்தவை 20 மதிப்புகள். புதிய கோப்போ 21-ஆவதைக் கேட்டது. இல்லாததை நினைவகத்தில் தேடப்போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. நம் நாட்டில் பாதிக்கப்பட்டவற்றுள் 5 அரசு அமைப்புகளும் 9 நிறுவனங்களும் அடங்கும் என்றார் இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ.

தவறான கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. அப்படியும் சிக்கல் தீரவில்லை. தொடங்கவே முடியாத கணினி இணையத்திலிருந்து திருத்தத்தை எப்படி வாங்கும்? பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், 'சேஃப் மோடு' வழியாக நுழைந்து, அந்த ஒரே கோப்பை அழித்தார்கள். வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகள் 48 இலக்க மீட்புச் சாவியையும் கேட்டன.

எங்கள் கணினியும் அதைத்தான் கேட்டது! மாணவியின் முகம் வாடிவிட்டது. கணினியை அமைத்துக் கொடுத்த அண்ணன் சிரம்பானில் வேலை செய்கிறார். மாலையில் அவரை அழைத்தோம். அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருந்தது. அவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் தட்டினாள். ஒருமுறை தவறி, மறுபடியும் தட்டினாள். அரை மணி நேரத்தில் பழைய திரை வந்தது, படங்களும் இருந்தன.

முதலில் பென்டிரைவில் நகலெடுத்தாள். பேட்டரியை மாற்றிய பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, மழை வருவதற்கு முன்பே மேம்பாட்டை மறுபடி தொடங்கினோம்.