வேம்பநாட்டு ஏரியில் இரு நாள்

நீரின்மீது செல்லுதல் மக்கட்கு என்றும் மகிழ்ச்சி தருவதாகும். நிலத்தில் நடப்பவன் தன் கால்களை நம்புகின்றான். நீரிற் செல்பவனோ தன்னைத் தாங்கும் மரத்தையும், அதனைச் செலுத்துவோன் திறமையையும், உடன் அமர்ந்திருப்போர் அடக்கத்தையும் நம்புகின்றான். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் இன்பப் பயணம் துன்பமாய் முடியும். ஆதலின், படகேறி மகிழ விரும்புவோர் படகின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். இதனைத் தந்தை ஒருவர் தம் மகனுக்கு உணர்த்திய வகையை இப்பாடம் கூறுகின்றது.

நீரிற் செல்லும் கலங்கட்குத் தமிழில் பெயர்கள் பல உள. பெருங்கடல் கடப்பனவற்றை நாவாய் என்றும் வங்கம் என்றும் முன்னோர் வழங்கினர். மீன்பிடிக்கச் செல்லும் படகு திமில் எனப்பட்டது. ஆற்றைக் கடக்க ஓடமும் தோணியும் அம்பியும் உதவின. வள்ளம் என்பதும் அவ்வாறு வழங்கிய பெயரே. அப்பெயர் கேரள நாட்டில் இன்றும் பெருவழக்காக உள்ளது. அந்நாட்டில் ஆலப்புழையைச் சூழ்ந்துள்ள குட்டநாட்டில், வள்ளம் இல்லாத வாழ்வை எண்ணிப் பார்த்தலும் அரிது.

குட்டநாட்டை அடுத்துக் கிடப்பது வேம்பநாட்டு ஏரி. அதன் நீளம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் முதலிய ஆறுகள் அதனை நாடி வருகின்றன. குட்டநாட்டு வயல்கள் பல கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தவை. உழவர் வரப்பினும் பெரிய கரைகளை எழுப்பி, உள்ளே நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றி, அந்நிலத்தில் நெல் விளைக்கின்றனர். கால்வாயிற் படகேறிச் செல்வோர் வயலைக் குனிந்து பார்க்கும் புதுமையை அங்குக் காணலாம். கோடையில் கடலின் உப்புநீர் புகாதவாறு தடுப்பதற்கெனத் தண்ணீர்முக்கம் என்னும் இடத்தில் கட்டப்பெற்ற தடுப்பணை 1976ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வருகின்றது.

திருநெல்வேலியைச் சேர்ந்த ஒருவர், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் தம் மகனுடன் ஒரு சனிக்கிழமை காலையில் ஆலப்புழையை அடைந்தார். அவருடைய நண்பர் இருவர் தத்தம் மைந்தர் இருவருடன் உடன் வந்திருந்தனர். குட்டநாட்டுக் கால்வாய்க் கரையில் வாழும் பழைய கல்லூரித் தோழர் ஒருவர் அவர்களை விருந்துக்கு அழைத்திருந்தார். தோழர் இல்லத்திற்குச் சாலை இல்லை, வள்ளமே வண்டி. துறையில் அவர்களுக்காகச் சிறு வள்ளம் ஒன்று காத்திருந்தது.

“இதில் எத்தனை பேர் ஏறலாம்?” என்று தந்தையார் வள்ளக்காரரை வினவினார். “என்னோடு சேர்த்து ஏழு பேர்” என்றார் அவர். வந்திருந்தோரோ எண்மர். நண்பர் ஒருவர், “கூப்பிடு தூரந்தானே! சற்று நெருங்கி உட்கார்ந்தால் எல்லாரும் போய்விடலாம்” என்றார்.

“தூரம் சிறிதுதான், ஆழம் சிறிதன்று. நீங்கள் அறுவரும் முன்னே செல்லுங்கள். நானும் இவனும் அடுத்த நடையில் வருகின்றோம்” என்று கூறித் தந்தையார் கரையிலேயே நின்றார்.

நண்பர்கள் நகைத்தவாறே சென்றனர். மகன் முகம் வாடியது. தோழர்களுடன் முதலிற் செல்ல இயலாமற் போயிற்றே என்பது அவன் வருத்தம். “அப்பா, உட்கார இடம் இருந்ததே! நாம் இருவர் ஏறினால் என்ன ஆகிவிடும்?” என்று அவன் கேட்டான்.

தந்தையார் அகன்று செல்லும் வள்ளத்தைச் சுட்டிக் காட்டினார். “தம்பி, உட்கார இடம் உண்டா என்பதன்று கேள்வி. வள்ளத்தின் விளிம்பு நீருக்குமேல் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்பதைப் பார். ஏழு பேரை ஏற்றிய பின்னர் அது ஒரு சாண் அளவே மேலே தெரிகின்றது. மிதக்கும் பொருள் தன் எடைக்கு நிகரான எடையுள்ள நீரை விலக்கும் என்று ஆர்க்கிமிடீசு கண்ட விதியை நீ படித்திருக்கின்றாய். அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறினால், மேலும் அறுபது லிட்டர் நீரை விலக்கும் அளவுக்குப் படகு தாழும். நாம் இருவரும் ஏறியிருந்தால் அந்த விளிம்பு இன்னும் இறங்கியிருக்கும். அமைதியான நீரில் அதனால் கேடு இல்லை எனத் தோன்றும். பெரிய விசைப்படகு ஒன்று அருகே சென்றால் எழும் அலை அவ்விளிம்பைத் தாண்டி உள்ளே பாயும். உட்புகுந்த நீர் படகை மேலும் தாழ்த்தும். தாழ்ந்த படகில் மேலும் நீர் புகும். பின்னர் அதனைத் தடுப்பார் யார்?”

மகன் ஒன்றும் பேசாது கேட்டுக்கொண்டிருந்தான். தந்தையார் அந்நாட்டு நீர்வழிகளில் நேர்ந்த துன்பங்களையும் எடுத்துரைத்தார். மலையாளப் பெருங்கவிஞர் குமாரன் ஆசான் 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து உயிர்நீத்தார். அப்படகில் அளவுக்கு மிஞ்சிய கூட்டம் இருந்தது. 2002ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள், முகம்மையிலிருந்து குமரகத்திற்கு இதே வேம்பநாட்டு ஏரியைக் கடந்து சென்ற படகு மூழ்கியது. அரசுப் பணிக்கான தேர்வெழுதச் சென்றோர் பலர் அதில் இருந்தனர். இருபத்தொன்பது பேர் மாண்டனர். அப்படகிலும் ஏற்றத்தகும் அளவினும் மிகுதியானோர் ஏறியிருந்தனர். “அவர்களுள் ஒவ்வொருவரும், ‘நான் ஒருவன் ஏறுவதால் என்ன?’ என்றே எண்ணியிருப்பர்” என்று கூறித் தந்தையார் முடித்தார்.

வள்ளம் திரும்பி வந்தது. இருவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து ஏறினர். அச்சட்டையினுள் நீரினும் எடை குறைந்த பொருள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். நீந்த அறியாதவனையும் அது முகம் மேலே தெரியுமாறு மிதக்கச் செய்யும். கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுதல் பிழை. படகு கவிழும் நேரம் சட்டை அணியும் நேரமன்று.

வழியில் பெரிய கெட்டுவள்ளங்கள் எதிர்ப்பட்டன. மூங்கிலும் ஓலையும் கொண்டு வேய்ந்த கூரையுடன் அவை மிதக்கும் வீடுகள் போலத் தோன்றின. அயினி மரப் பலகைகளை ஆணி அறையாமல் தேங்காய் நார்க்கயிற்றால் இறுகப் பிணைத்து அவற்றை ஆக்குவர். கெட்டு என்னும் சொல் கட்டு என்பதையே குறிக்கும். முற்காலத்தில் நெல்லும் மிளகும் ஏற்றிச் சென்ற அவ்வள்ளங்கள், சாலைகள் பெருகியபின் வேலையிழந்தன. இன்று பயணிகள் தங்கும் இல்லங்களாய் மறுவாழ்வு பெற்றுள்ளன.

அன்று பிற்பகல் கால்வாயில் சிறுவர்கள் துடுப்புப் போடக் கற்றனர். படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் கூறுவர். அமரத்தில் வள்ளக்காரர் அமர்ந்து கற்பித்தார். துடுப்பால் நீரைப் பின்னே தள்ளினால் நீர் படகை முன்னே தள்ளும். வலப்புறம் வலித்தால் படகு இடப்புறம் திரும்பும். இதனைச் சொல்லுதல் எளிது, செய்தல் அரிது. முதலில் ஒருவன் வலிக்கும்போது மற்றவன் துடுப்பைத் தூக்கினான். வள்ளம் நின்ற இடத்திலேயே சுழன்றது. கரையில் இருந்தோர் சிரித்தனர். பின்னர் வள்ளக்காரர் தாளமிட்டுப் பாடத் தொடங்கினார். சிறுவர்களின் துடுப்புகள் அத்தாளத்திற்கு ஒத்து எழுந்து விழுந்தன. வள்ளமும் நேராய் விரைந்தது. 1952ஆம் ஆண்டு நேரு பெருமகனார் ஆலப்புழைக்கு வந்து கண்டு மகிழ்ந்த வள்ளப் போட்டி, இன்று அவர் பெயராலேயே புன்னமடையில் நடைபெறுகின்றது. நூறடிக்கு மேல் நீண்ட சுண்டன் வள்ளத்தில் ஏறத்தாழ நூறு பேர் ஒருவர்போலத் துடுப்பு வலிக்கும் காட்சி அங்கே காணத்தக்கது. ஒருவன் தவறினும் அனைவர் வேகமும் கெடும்.

மறுநாள் ஞாயிறன்று, கூரையிட்ட படகொன்றில் அவர்கள் அனைவரும் ஏரிக்குட் சென்றனர். அது பன்னிருவரை ஏற்றத்தக்கது. திடீரென இடப்புறத்திலிருந்து நீர்க்காகங்கள் கூட்டமாய் எழுந்து பறந்தன. சிறுவர் மூவர் அதனைக் காணத் துள்ளியெழுந்து இடப்புறம் ஓடினர். படகு அப்பக்கம் சட்டெனச் சாய்ந்தது. “உட்காருங்கள்!” என்று வள்ளக்காரர் உரத்துக் கூவினார். அம்மகன் மட்டும் எழவில்லை. தன்னருகே நின்ற தோழனின் கையைப் பற்றி இழுத்து உட்கார வைத்தான். ஏனையோரும் அமர்ந்தனர். படகு நிமிர்ந்தது.

உட்கார்ந்திருக்கும்போது பளுவின் மையம் தாழ்ந்து நிற்கும். எழுந்து நிற்கும்போது அது மேலேறும். மேலேறிய பளு ஒரு பக்கம் சாயுமாயின் படகு மீண்டும் நிமிர்வது கடினம். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் இறந்தனர். காட்டு விலங்குகளைக் காணும் ஆவலால் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. படகு ஒருகால் கவிழ்ந்துவிடினும் மனங்கலங்குதல் கூடாது. மரப்படகு பெரும்பாலும் கவிழ்ந்த பின்னும் மிதக்கும். அதனைப் பற்றிக்கொண்டு உதவியை எதிர்நோக்குதலே நலம். கரையில் நிற்போர் நீரிற் குதித்தலினும் கழியையோ கயிற்றையோ நீட்டுதலே சிறந்தது.

மாலையில் விடைபெறும் நேரம் வந்தது. அதே சிறு வள்ளம் கரையில் வந்து நின்றது. முன்னாள் நகைத்த நண்பர் தம் மைந்தருள் ஒருவனைக் கைப்பற்றி ஓரமாய் நின்றார். “நீங்கள் அறுவரும் முன்னே செல்லுங்கள். நாங்கள் இருவரும் அடுத்த நடையில் வருகின்றோம்” என்றார் அவர். தந்தையார் புன்னகை செய்தார். மகன் வள்ளத்தின் நடுவே சென்று அமைதியாய் அமர்ந்து, விளிம்பு நீருக்குமேல் எவ்வளவு தெரிகின்றது என்பதைக் குனிந்து நோக்கினான்.

காத்திருத்தலால் இழப்பது அரைநாழிகைப் பொழுதே. காத்திராமையால் இழப்பதோ மீட்டற்கரிய உயிர். தன்னலம் கருதாது இடம் விடுவோரும், ஆவல் எழுந்தவிடத்தும் அடங்கி இருப்போரும் உள்ள படகே இனிது கரைசேரும். நீரிற் செல்லும் படகிற்கேயன்றி, பலர் கூடி வாழும் வாழ்க்கைக்கும் இது பொருந்துவதாம்.