மட்டையிலிருந்து ரோலருக்கு

பழைய வீட்டில் மரத்தாலான சுவிட்ச் போர்டைக் கழற்றினால், அது இருந்த இடத்தின் விளிம்பில் அந்த வீட்டுச் சுவரின் பூச்சுகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். மேலே சந்தன நிற எமல்ஷன். அதற்கடியில் ரோஸ் டிஸ்டெம்பர். அதற்கும் கீழே மங்கிப்போன கிளிப்பச்சை. பட்டித் தகட்டின் முனையால் இன்னும் கொஞ்சம் நெருடினால் பொலபொலவென்று வெள்ளையாக உதிரும். பொங்கலுக்குப் பொங்கல் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த சுண்ணாம்பு அது. தமிழ்நாட்டில் ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இதே வரிசையைப் பார்க்கலாம். நம் வீட்டுச் சுவர்கள் கண்ட மாற்றமும் இந்த வரிசையில்தான் நடந்தது.

அடியில் இருக்கும் சுண்ணாம்பிலிருந்தே தொடங்கலாம். மார்கழி பிறந்து பாதி போனதும் வீட்டில் அந்தப் பேச்சு வந்துவிடும். காளவாயில் சுட்ட சுண்ணாம்புக் கல்லோ, கடலோர ஊர்களில் கிளிஞ்சலோ வாங்கி வந்து தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். உஸ்ஸென்று சீறி, அடுப்பில்லாமலே கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். இரவு முழுக்க நீற்றிய சுண்ணாம்பை மறுநாள் சாக்கிலோ பழைய துணியிலோ வடிகட்டுவார்கள். சுவரில் பிடித்து நிற்க வச்சிரமோ அரிசிக் கஞ்சியோ சேரும். வெள்ளையில் இருக்கும் மஞ்சள் சாயலை அடக்க, வேட்டிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை. பனை மட்டையின் நுனியை ஊறவைத்து நசுக்கி நாராக்கினால் அதுவே பிரஷ்.

அடிக்கும்போது பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஈரச் சுண்ணாம்பு பழைய அழுக்கை மறைக்கவே மறைக்காது. சுவர் நனைந்த சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். புதிதாக அடிக்க வந்த பையன் பயந்துபோய் இன்னொரு கை அள்ளிப் பூசப் போவான். பெரியவர் தடுப்பார்: “விடுடா, காஞ்சா வெளுக்கும்.” வெயில் ஏற ஏறச் சுவர் தானாக வெளுத்துக்கொண்டே வரும். உலர்வது பாதி வேலைதான். கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுடும்போது அதிலிருந்த கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. சுவரில் பூசியபின் அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. மட்டையால் நாம் பூசியது கடைசியில் மெல்லிய கல் தோலாகச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.

சுண்ணாம்புக்குக் காரம் அதிகம். பூஞ்சையும் பூச்சியும் அதில் தங்காது. வைசூரி கண்ட வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வெள்ளையடித்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. குறைகளும் உண்டு. சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகில் வெள்ளை ஒட்டும். கைபட்ட இடம் கறுக்கும், துடைத்தால் பூச்சே கையோடு வரும். ஒரு மழைக்காலம் தாண்டினால் மங்கிவிடும். அதனால் வருஷா வருஷம் அடித்தாக வேண்டும். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பானை, பரண், பெட்டி எல்லாம் முற்றத்துக்கு வந்தன, மூலை முடுக்கில் இருந்த ஒட்டடை போனது, சுவரின் விரிசல் கண்ணில் பட்டது. ஆண்டுக்கொருமுறை வீட்டை முழுதாகப் பார்க்க வைத்தது சுண்ணாம்பு.

வசதியுள்ளவர்கள் அப்போதே வேறு வழி கண்டிருந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் போன்றவற்றைச் சேர்த்து அரைத்துப் பல அடுக்காகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். தலைமுறைகள் தாண்டியும் கையால் தடவினால் பளிங்குபோல வழுக்கும் சுவர்களைக் காரைக்குடிப் பக்கம் இன்றும் பார்க்கலாம். ஆனால் அந்தப் பொறுமையும் கூலியும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

அடுத்து வந்தது நிறம். பம்பாயில் 1942-இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய ஏஷியன் பெயிண்ட்ஸ், பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் கண்டுகொள்ளாத சிறு ஊர்க் கடைகளுக்குச் சின்ன டப்பாக்களில் பெயிண்டைக் கொண்டுபோனது. நெற்றியில் முடி விழ, கையில் பிரஷ்ஷோடு நிற்கும் ‘கட்டு’ என்ற குறும்புப் பையனை 1954-இல் அதற்கு வரைந்துகொடுத்தவர் ஆர்.கே. லக்ஷ்மண். டிஸ்டெம்பர் நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் நுழைந்தது. சாக்பீஸ் மாவும் பசையும் நிறமும் சேர்ந்த கலவைதான் அது. ஹாலுக்கு ரோஸ், படுக்கை அறைக்கு ஆகாச நீலம், பூஜை அறைக்கு மஞ்சள் என்று அறைக்கொரு நிறம் வந்தது. சமையலறையில் இடுப்பு உயரம் வரை ஆயில் பெயிண்ட் ஏறியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி சுவர்களின் கீழ்ப்பாதியில் பார்த்த அதே பளபளப்பு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கலாம் என்பது பெண்களுக்குப் பெரிய நிம்மதி. ஆயில் பெயிண்ட் நாறும், காய நாளாகும், வருஷங்கள் போனால் மஞ்சளாகும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள்.

எமல்ஷன் வந்தபோது ஜனங்கள் அதைப் பிளாஸ்டிக் பெயிண்ட் என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் துகள்கள், தண்ணீர் ஆவியானதும் நெருங்கி ஒன்றோடொன்று உருகி ஒட்டி, சுவரின்மேல் மெல்லிய படலமாகின்றன. வெள்ளையும் வேறு இடத்திலிருந்து வருகிறது. இன்றைய பெயிண்டின் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கான இல்மனைட் தாது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. கடலோரக் கிளிஞ்சல் தந்த வெள்ளை போய், கடலோரக் கறுப்பு மணல் தரும் வெள்ளை வந்திருக்கிறது.

கடையில் மெஷின் வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்களைக் கண்ணெதிரே கலக்கித் தருகிறார்கள். காலையில் ஒரு கோட், நாலைந்து மணி நேரம் கழித்து அடுத்த கோட். வாசனை குறைவு, துடைக்கலாம், கழுவலாம். நாலைந்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே போகவேண்டாம். வெள்ளையடிக்க வந்த உள்ளூர்க்காரருக்கு நாள்கூலியும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தோம். இன்று சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம், சாரத்தின்மேல் நிற்கும் இளைஞர்கள் பலர் இந்தி பேசுகிறார்கள். பக்கெட்டுக்குள் பெயிண்டருக்கென்று கம்பெனி போட்டு வைத்த டோக்கன் இப்போது செல்போனில் ஸ்கேன் செய்தால் சேரும் பரிசுப் புள்ளியாகிவிட்டது. ‘இந்தக் கம்பெனிதான் நிக்கும் சார்’ என்று பெயிண்டர் அடித்துச் சொல்லும்போது அந்தப் புள்ளியையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் பூச்சு மாறியபோது வேலையின் கனமும் இடம் மாறியது. சுண்ணாம்பில் உழைப்பெல்லாம் பின்னால். வருஷா வருஷம் திரும்பச் செய்வது. எமல்ஷனில் உழைப்பெல்லாம் முன்னால். சுரண்டுவது, விரிசல் அடைப்பது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது என்று நாலு நாள் போனபின் ரோலர் உருளும் வேலை ஒன்றரை நாள்தான். சுண்ணாம்பு மேடுபள்ளத்தை மன்னிக்கும். எமல்ஷன், அதிலும் பளபளப்பான ரகம், ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு தேய்ப்புக் கோட்டையும் காட்டிக்கொடுக்கும்.

செலவைக் குறைக்கிறேன் என்று அந்த நாலு நாளில் கைவைப்பவர்கள்தான் பிறகு தலையில் கைவைக்கிறார்கள். உதிரும் சுண்ணாம்பின்மேல் எமல்ஷன் அடித்தால் அது பிடிப்பது சுவரையல்ல, தூளை. இரண்டு மழைக்குள் அப்பளம்போலப் பொரிந்து, இழுத்தால் முழம் முழமாக உரியும். ஆயில் பெயிண்டின் வழவழப்பின்மேல் தேய்க்காமல் அடித்தாலும் இதே கதி. புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும். அதன் காரம் அடங்காமல் அடித்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

முன்னால் என்ன அடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவாக ஒட்டினால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். ஒட்டவில்லையென்றால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அழுத்தித் தேயுங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் நிறம் வந்தால் எமல்ஷன். அசையாமல் நின்றால் ஆயில் பெயிண்ட். பழைய ஆயில் பெயிண்ட் என்றால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல், சமையலறைப் பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பக்கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வாரம் வேறு வீட்டில் இருக்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்கும் சுவர் ஒன்று உண்டு. சுண்ணாம்புக் காரையிலோ மண்ணிலோ கட்டிய பழைய சுவர் தரையிலிருந்து ஓதம் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே அந்த ஈரம் வெளியேறிக்கொண்டே இருந்ததால்தான் அந்தச் சுவர்கள் அவ்வளவு காலம் நின்றன. அதன்மேல் பிளாஸ்டிக் படலம் போர்த்தினால் ஈரம் உள்ளே முட்டும், உப்புப் பூக்கும், முழங்கால் உயரம் வரை பட்டியோடு பெயர்ந்து விழும். அடுத்து விலை கூடின பெயிண்டை வாங்குகிறோம், அதுவும் விழுகிறது. பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைப்பவர்கள் இப்படிப்பட்ட சுவர்களில் சிமெண்டையும் எமல்ஷனையும் நீக்கிவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்புவது பழமைப் பற்றினால் மட்டுமல்ல.

அதற்காக மாடிக் குடியிருப்பின் சிமெண்ட் சுவருக்குச் சுண்ணாம்பு தேடி அலைய வேண்டியதில்லை. அங்கே எமல்ஷன் நன்றாகவே நிற்கும். பாட்டி காலத்து ஓட்டு வீட்டின் கீழ்ச்சுவருக்கு மட்டும் மட்டை பிடித்தவரின் அறிவு இன்னும் தேவைப்படுகிறது. ஒரே வீட்டில் பழைய கட்டுக்குச் சுண்ணாம்பும் புதிதாக இழுத்துக் கட்டிய அறைக்கு எமல்ஷனும் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷேட் கார்டை விரித்து ‘என்ன கலர் சார்?’ என்று தொடங்குகிறவரைவிட, சுவரைத் தட்டிப் பார்த்து ‘முன்னாடி என்ன அடிச்சிருந்தீங்க?’ என்று கேட்கும் பெயிண்டருக்கு நூறு ரூபாய் கூடவே கொடுக்கலாம்.